உப்பு வியாபாரியும் படகுக்காரியும்

மௌரீன் இரண்டு கோப்பைத் தேநீரையும் இளவேனிலின் முன்னாலேயே வைத்தார்.

"ஒண்ணு அவருக்கு."

அவர் என்றால் சில்வெஸ்டர், மௌரீனின் கணவர். மேசையின் எதிர்ப்பக்கம், கை நீட்டினால் எட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார். இளவேனில் ஒரு கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினாள். துணியில் அச்சிட்ட வரைபடம் பாதி மேசையை அடைத்திருந்தது. இடமில்லாமல்தான் இப்படி வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

அவளுக்கு வேறு கவலை.

'அக்கரைச் சந்தை' அவள் உருவாக்கிய விளையாட்டு. காய் நகர்த்தும் விளையாட்டு இல்லை. ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பேசி, பகடை உருட்டி, அந்தக் கதையை நடத்திப்போக வேண்டும். அதை அச்சிட கிரவுட்ஃபண்டிங்கில், இணையத்தில் முன்பின் தெரியாத பலரிடமும், பணம் திரட்டினாள். ஆறு மாதத்தில் பெட்டி வந்து சேரும், துணி வரைபடம் உண்டு, பித்தளைப் பகடை உண்டு என்று வீடியோவில் சிரித்துச் சிரித்து வாக்குக் கொடுத்தாள்.

பகடை சரியாக வரவில்லை. அச்சகம் கைவிரித்தது. பெட்டி தயாராக ஒரு வருடம் கூடுதலாக ஓடிவிட்டது.

பணம் போட்டவர்கள் திட்டினார்கள். ஏமாற்றுக்காரி என்றார்கள். பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

பிரேசர் டவுன் மௌரீன் மட்டும் விடவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரே வரி அனுப்புவார். 'எப்பம்மா வரும்?'

திட்டியவர்களுக்கெல்லாம் பதில் எழுதிவிட்டாள். அந்த ஒற்றை வரிக்குத்தான் எழுத வரவில்லை.

'விளையாட்டை உருவாக்கியவரே உங்கள் வீட்டுக்கு வந்து நடத்தித் தருவார்' என்று, பணம் போட்டவர்களுக்கு அறிவித்திருந்த பரிசைத் தேர்ந்தெடுத்தவரும் மௌரீன் ஒருவர்தான். இத்தனை நாள் காத்திருந்தவர் முகம் இன்று சுருங்கினால் இன்னொரு விளையாட்டு செய்யும் தைரியம் தனக்கு இனி வராது. ஆட்டோவில் வரும்போதே இளவேனிலுக்கு அது தெரிந்திருந்தது. மன்னிப்பை மனப்பாடம் செய்து வைத்திருந்தாள்.

"அங்கிள், நீங்க உப்பு வியாபாரி. ஆன்ட்டி படகுக்காரி. மழை வர்றதுக்குள்ள ஆத்தைத் தாண்டிச் சந்தைக்குப் போகணும்."

சில்வெஸ்டர் பகடையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு இளவேனிலிடம் திரும்பினார்.

"மூணு மூட்டை இருக்கு. ஏத்துவாங்களான்னு கேளும்மா."

"உப்பு நனைஞ்சா நான் பொறுப்பில்லன்னு சொல்லு," என்றார் மௌரீன், அவரும் இளவேனிலைப் பார்த்தே.

புதிதாக ஆடுபவர்கள் எல்லாரும் இப்படித்தான். இளவேனில் சிரித்தாள்.

"என்கிட்ட சொல்லக்கூடாது அங்கிள். நான் அங்க இல்லவே இல்ல. நான் ஆறு, காத்து, மழை, அவ்ளோதான். ஆத்துகிட்ட சொன்னா அது போய்ச் சொல்லுமா? நேரா அவங்களையே கேளுங்க."

சில்வெஸ்டர் பகடையைக் கீழே வைத்தார்.

வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே இருந்தார்கள். அது இருமியதே தவிரக் கிளம்பவில்லை. ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று இளவேனில் யோசித்தாள்.

சில்வெஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டார்.

"ஏம்மா படகுக்காரி." தொண்டையைச் செருமினார். "ஏத்துவியா?"

மௌரீன் வரைபடத்தில் இருந்த ஆற்றையே பார்த்தார்.

"மூட்டைய ஏத்துவேன். உன்னை ஏத்தத்தான் யோசனை. போன தடவை நடு ஆத்துல எழுந்து நின்னு படகையே ஆட்டுனே."

"ஆட்டுனது நானா? துடுப்பு யார் கையில இருந்துச்சாம்?"

"துடுப்பு என் கையில. வாய் உன்கிட்ட."

சில்வெஸ்டர் சிரித்துவிட்டார். சிரித்ததை மறைக்கத் தேநீரை எடுத்துக் குடித்தார்.

இந்தக் கதையில் போன தடவை என்று ஒன்று கிடையாது. அப்படி எதையும் இளவேனில் எழுதவில்லை. என்ன கற்பனை இவர்களுக்கு என்று வியந்தபடி, வரவேண்டிய மழையை இன்னும் கொஞ்சம் தள்ளிப்போட்டாள்.

சாயங்காலம் ஆகியும் படகு கரை சேரவில்லை. மூட்டைகளை எந்தப் பக்கம் அடுக்குவது என்பதிலேயே இருவரும் நின்றுவிட்டார்கள்.

வழியனுப்ப மௌரீன் வாசல்வரை வந்தார். செருப்பை மாட்டியபடி இளவேனில் ஆரம்பித்தாள்.

"ஆன்ட்டி, பகடை லேட்டானதுக்கு நான்..."

"பகடை கெடக்குது விடு." மௌரீன் குரலைத் தாழ்த்தினார். "வீடியோல ஒண்ணு சொன்னியே, மூஞ்சி பாத்துப் பேசாம இதை ஆடவே முடியாதுன்னு. அதுக்குத்தான் பணம் போட்டேன்."

இளவேனிலுக்கு அந்த வரி நினைவிலேயே இல்லை. போகிறபோக்கில் சொல்லியிருப்பாள்.

"எங்க சண்டை எப்பவோ முடிஞ்சுபோச்சும்மா. யார் முதல்ல பேசறதுங்கறதுதான் பாக்கி. மூணு கிறிஸ்மஸ் போயிடுச்சு." மௌரீன் ஒருமுறை உள்ளே திரும்பிப் பார்த்துக்கொண்டார். "இன்னிக்கு உப்பு வியாபாரி பேசிட்டான். அவர் இன்னும் பேசல."

இளவேனில் இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டாள். முதல் தூறல் வாசல் இரும்புக் கேட்டின் மேல் விழுந்தது.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"மௌரீன்! மழை வருது பாரு. அந்தப் பொண்ணுக்குக் குடை குடுத்தனுப்பு."

மௌரீனின் கை தாழ்ப்பாளில் அப்படியே நின்றது. புடவைத் தலைப்பால் வாயை ஒருமுறை துடைத்துக்கொண்டார்.

பிறகு, எல்லா வீட்டிலும் கேட்கிற அதே குரலில் உள்ளே பார்த்துக் கத்தினார்.

"எந்தக் குடை? கறுப்பா, பூப்போட்டதா?"