பாலத்து டவரில் நெரிசல்

பிற்பகல் மூன்றரைக்குத் திரையில் ஒரு மஞ்சள் புள்ளி முளைத்தது. பழுது இல்லை, நெரிசல்.

ஆற்றுப் பாலத்தை ஒட்டி உயரமான பாறைமேல் நிற்கும் டவர் அது. எந்நேரம் பார்த்தாலும் ஐம்பது அறுபது ஃபோன்களுக்கு மேல் அதில் இருக்காது. இப்போது ஆயிரத்து நூறு.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். ஆயிரத்து நூற்று நாற்பது.

செல்ஃபோன் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் அவளுக்கு இது ஒன்பதாவது வருடம். எந்த டவர் மழைக்குச் சிணுங்கும், எதன் பேட்டரி காலை வாரிவிடும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். பாலத்து டவர் பரம சாது. இத்தனை வருடத்தில் அது வாயே திறந்ததில்லை.

அன்று ஏற்கெனவே ஒன்று போயிருந்தது. ஆற்றின் மேல்கோடியில் இருக்கும் மலை டவர். பன்னிரண்டு மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிட்டது. மின்சாரம் போனால் பேட்டரிக்கு மாறியதாக முதலில் ஓர் எச்சரிக்கை வரும். அதுகூட வரவில்லை.

மூன்று நாளாக அடித்த மழை அன்று காலையில்தான் விட்டிருந்தது. இடி இறங்கியிருக்கும் என்றார் மேலாளர். அவளும் தலையாட்டிவிட்டு ஏணியை அனுப்பினாள்.

ஏணி என்பது ஆள். அந்தப் பக்கத்து டவர்களில் ஏறி இறங்கிப் பழுது பார்ப்பவன். ஐந்து வருடமாகத் தினமும் அவளோடு ஃபோனில் பேசுகிறான். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. "இன்னைக்கு என்னை எங்க ஏத்திவிடப் போறீங்கக்கா?" என்றுதான் ஒவ்வொரு காலையும் ஆரம்பிப்பான்.

நான்காவது முயற்சியில் எடுத்தான். பின்னால் ஒரே இரைச்சல். குழந்தைகளின் சிரிப்பு.

"வழியெல்லாம் மரம் விழுந்து கெடக்குக்கா, இப்பதான் பாலத்துக்கே வந்தேன். ஆத்துல சொட்டுத் தண்ணி இல்ல! மீனெல்லாம் சேத்துல துள்ளுது. சுத்துப்பட்டு ஊரெல்லாம் எறங்கி அள்ளிக்கிட்டிருக்கு. ஆளாளுக்கு வீடியோ எடுத்து அனுப்புறாங்க, அதான் உங்களுக்கு நெரிசல்."

அவளுக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது.

மூன்று நாள் மழை பெய்திருக்கிறது. தண்ணீர் எங்கே போனது?

அவள் கண் தானாகத் திரையின் மேல்கோடிக்குப் போனது. இடி இறங்கவில்லை. டவர் நின்ற மலையே சரிந்து ஆற்றின் குறுக்கே விழுந்திருக்கிறது. மூன்றரை மணி நேரமாக ஆறு அந்த மண்ணுக்குப் பின்னால் ஏறிக்கொண்டிருக்கிறது.

"தம்பி, மேல மலை சரிஞ்சு ஆத்தை அடைச்சிருக்கு. எப்ப வேணா ஒடைச்சுக்கிட்டு வரும். எல்லாரையும் மேட்டுக்கு ஏத்து. கத்து. இப்பவே!"

"சரிக்கா."

ஃபோனை அணைக்காமலே ஓடினான். அவன் கத்துவது கேட்டது. செருப்பு கல்லில் அடிப்பது கேட்டது. பிறகு சேற்றில் கால் புதைந்து புதைந்து எழும் சத்தம். கரையில் நின்று கத்தாமல் இவன் ஏன் ஆற்றுக்குள் இறங்குகிறான் என்று அவள் பதறுவதற்குள் இணைப்பு அறுந்தது.

பேரிடர் உதவி எண்ணுக்கு அடித்தாள். நேரில் பார்த்தது யார் என்று கேட்டார்கள். ஆள் அனுப்பிப் பார்க்கச் சொல்வதாகச் சொன்னார்கள்.

மேலாளர் கண்ணாடி அறைக்குள் யாருடனோ ஃபோனில் இருந்தார். அவள் கதவைத் தட்டினாள். ஐந்து விரலைக் காட்டினார்.

ஐந்து நிமிடம்.

ஒரு டவரில் இருக்கும் எல்லா ஃபோன்களுக்கும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்ப ஒரு வசதி உண்டு. பராமரிப்பு வேலை நடக்கும்போது வாடிக்கையாளர்களுக்குச் சொல்வதற்காக வைத்தது. மேலாளரின் அனுமதியில்லாமல் அதைத் தொட்டால் வேலை போய்விடும்.

தொட்டாள்.

'வெள்ளம் வருகிறது. ஆற்றை விட்டு உடனே மேடு ஏறுங்கள். மீனை விடுங்கள்.'

அனுப்பிவிட்டு எண்களைப் பார்த்தாள். ஆற்றிலிருந்து சரிவில் ஏறினால், பாலத்து டவரை விட்டு மேட்டிலிருக்கும் பள்ளிக்கூடத்து டவருக்கு ஃபோன் தானாக மாறிவிடும். நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு எண்களும் புதிதாகும்.

பாலத்தில் ஆயிரத்து நூற்று நாற்பது. பள்ளிக்கூடத்தில் எழுபது.

அடுத்த நிமிடம் ஆயிரத்து இருபது. நூற்றுத் தொண்ணூறு.

நகர்கிறார்கள். "ஏறுங்க, ஏறுங்க" என்று வாய்விட்டே சொன்னாள். பக்கத்து மேசைக்காரி திரும்பிப் பார்த்தாள்.

எழுநூறு. ஐந்நூற்றுப் பத்து.

நானூற்று முப்பது. எழுநூற்று எண்பது.

அவள் மேசையின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தாள். இன்னும் இரண்டு நிமிடம் கிடைத்தால் போதும். இரண்டே நிமிடம்.

இருநூற்றுப் பதினாறு. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நான்கு.

அடுத்த நிமிடம், பாலத்தில் நான்கு.

பள்ளிக்கூடத்து எண்ணைப் பார்த்தாள். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நான்கு. ஒன்றுகூடக் கூடவில்லை.

ஏணிக்கு அடித்தாள். மணி போகவில்லை. மறுபடி அடித்தாள்.

கண்ணாடிக் கதவு திறந்தது. மேலாளர் வந்து அவள் தோளுக்குப் பின்னாலிருந்து திரையை எட்டிப் பார்த்தார். மஞ்சள் புள்ளி பச்சையாகியிருந்தது.

"இதுக்கா கதவைத் தட்டினே? நெரிசல் தானாவே தீர்ந்துடுச்சு பாரும்மா. நல்லவேளை, யாரையும் அனுப்ப வேண்டியதில்லாமப் போச்சு."