திண்டுக்கல் புலி

"விடாதீங்கண்ணே! போட்டுத் தாக்குங்க!"

செல்போன் கடை பவுல்ராஜ் கத்திய கத்தலில் பிரவுசிங் சென்டரே அதிர்ந்தது. மூணாம் நம்பர் மிஷினில் சுருளிவேல். கிரிக்கெட் ரசிகர்கள் மல்லுக்கட்டும் அந்த இணையதளத்தில் அவர் பெயர் 'திண்டுக்கல் புலி'. இரண்டே விரலால்தான் தட்டுவார். ஆனால் அந்த இரண்டு விரலுக்குப் பதில் சொல்ல முடியாமல் ஓடியவர்கள் பலர்.

இன்று சண்டை பெரிது. மாநில அணிக்கு ஆள் எடுத்திருக்கிறார்கள். நம்ம பக்கத்துப் பந்துவீச்சாளருக்கு இடமில்லை. மூன்று மணிக்கு உட்கார்ந்த புலி இன்னும் எழுந்திருக்கவில்லை.

"மெட்ராஸ் மன்னன் என்ன போட்டிருக்கான் பாத்தீங்களாண்ணே? திறமை இருந்தா தானா பேப்பர்ல வருமாம்!"

"வருமா? மந்திரி லெட்டரோட வந்தவன் போட்டோதான் வரும். அடிக்கிறேன் பாரு."

டக் டக் டக்.

அப்போதுதான் படியேறி வந்தார்கள் அன்னாள் டீச்சரும் பானுப்ரியாவும். டீச்சர் இந்த ஜூனில்தான் அகரம் பள்ளிக்கு விளையாட்டு ஆசிரியையாக வந்தவர். கையில் நாலாக மடித்த காகிதம். பானுப்ரியாவுக்கு முழங்காலில் பிளாஸ்திரி, சட்டையெல்லாம் செம்மண்.

எல்லா மிஷினிலும் ஆள். கடைக்காரர் சேக் பரீது ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"ஆறு மணிக்குள்ள பேப்பருக்குச் சேதி போயாகணும் பாய்" என்றார் டீச்சர், மூச்சு வாங்க. "இன்னைக்கு வடமதுரையில கபடி ஃபைனல். கடைசி ரெய்டுல இவ ஒருத்தியே மூணு பேர அவுட்டாக்கிட்டு வந்தா. கப்பு நமக்குத்தான்! சென்னை கேம்ப்புக்கு எடுத்துட்டாங்க. நாளைக்கு ராத்திரி ரயிலு."

"அல்ஹம்துலில்லாஹ்! ரொம்ப சந்தோஷம் டீச்சர்!"

"இவ அப்பாதான் விடமாட்டேங்குறாரு. பூ மார்க்கெட்டுல போய்ச் சொன்னா, 'நீங்க சொன்னாப் போதுமா டீச்சர்? பொட்டப்புள்ளய அம்புட்டுத் தூரம் அனுப்புறதுன்னா சும்மாவா? நெசமாவே பெருசா ஜெயிச்சிருந்தா பேப்பர்ல வரும்ல. நாளைக்கு வரட்டும், நானே ரயிலேத்தி விடுறேன்'ங்கிறாரு. ஆறு மணியத் தாண்டுனா மதுரை பேப்பர் ஆபீஸ்ல பக்கத்த முடிச்சிருவாங்களாம்."

பரீது கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தே கால். நேராக மூணாம் நம்பருக்குப் போனார்.

"அண்ணே, டீச்சர் ஒருத்தங்க..."

சுருளிவேல் திரும்பாமலேயே இடது கையைத் தூக்கினார்.

"ரெண்டே நிமிஷம் பரீது. இவன முடிச்சிட்டு வாரேன்."

டக் டக் டக். 'உங்க டிவிக்கும் பேப்பருக்கும் தாம்பரத்தோட தமிழ்நாடு முடிஞ்சு போச்சா?'

"செமண்ணே!" பவுல்ராஜ் விசிலே அடித்துவிட்டான்.

ஐந்தரை. சண்டைக்குள் மூன்று பேர் புதிதாகக் குதித்தார்கள். ஒருவன் கட்சியை இழுத்தான், இன்னொருவன் சாதியை இழுத்தான். புலி ஒருத்தனையும் விடவில்லை.

டீச்சரே எழுந்து போனார். "சார்... ஒரு சின்ன..."

"செத்த இருங்க டீச்சர்" என்று பவுல்ராஜ் குறுக்கே வந்தான். "மேட்ச் சூடா போய்க்கிட்டிருக்கு!"

பானுப்ரியா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். "விடுங்க டீச்சர், போவோம். அப்பாகிட்ட நான் இன்னொருக்கா கேட்டுப் பாக்குறேன்."

"கேட்டா விட்டுருவாரா? உக்காருடி."

ஐந்தே முக்கால். பரீது மறுபடி போனார். "அண்ணே, பாவம் அந்தப் புள்ள..."

"பரீது! நானும் நம்ம ஊருப் புள்ளைகளுக்காகத்தான்யா போராடிக்கிட்டிருக்கேன்!"

சொன்ன வேகத்தில் நிஜமாகவே அவர் கண் கலங்கிவிட்டது. அந்தச் சூட்டோடு எழுதினார்: 'வயக்காட்டுல ஓடி வளந்த புள்ள ஒண்ணு ஜெயிச்சு வந்து உங்க முன்னாடியே நின்னாலும், உங்க மீடியாவுக்கு அது கண்ணுல படாதுடா!'

அவ்வளவுதான். எதிர்ப்பக்கம் சத்தமே இல்லை. ஒரு நிமிஷம். ஐந்து நிமிஷம். அரை மணி நேரம். கடைசியில் மெட்ராஸ் மன்னனிடமிருந்து ஒரே வரி வந்தது: 'சரி சார், ஒத்துக்குறேன். நீங்க சொல்றது நியாயம்தான்.'

"ஜெயிச்சிட்டோம்ணே!"

பவுல்ராஜ் அவரை நாற்காலியோடு சேர்த்துக் கட்டிப்பிடித்தான். பக்கத்து மிஷின்காரர்கள்கூட எழுந்து கை தட்டினார்கள். முகமெல்லாம் பூரிப்பாகத் திரும்பிய சுருளிவேல், அப்போதுதான் ஸ்டூலில் இருந்த இருவரையும் நன்றாகப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தில் மணி ஆறு இருபது.

"அடடே! ரொம்ப நேரமா காத்திருக்கீங்களோ?" நாற்காலியைத் துண்டால் ஒரு தட்டுத் தட்டி நகர்த்திப் போட்டார். "வாங்கம்மா, வந்து உக்காருங்க. மிஷின் காலி."

அன்னாள் டீச்சர் அந்த நாற்காலியைப் பார்த்தார். கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார்.

"மிஷின் எங்களுக்கு எதுக்குங்க சார்? இந்த ஊருச் சேதியெல்லாம் பேப்பருக்கு எழுதி அனுப்புற நிருபரு நீங்கதான்னு உங்க வீட்டுல சொன்னாங்க. உங்களுக்காகத்தான் உக்காந்திருந்தோம்."