அன்று ஆறேகால் லட்சம்

"மோளோட கல்யாணமா சார்?" என்று கேட்டான் விற்பனையாளன் ஸ்ரீஜித். காலையிலிருந்து நேசையன் ஏறி இறங்கும் நாலாவது கார் ஷோரூம் இது. நாலிலும் முதல் கேள்வி இதுதான்.

"கல்யாண விஷயம்தான் மோனே" என்றார். திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பஸ் மாறி, வெயிலில் நடந்து கால் வீங்கியிருந்தது. நாற்காலியைப் பார்த்ததும் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

வெள்ளை நிறம், எல்லா வசதியும் உள்ள உயர்ந்த மாடல். விலைச் சீட்டை அவர் இரண்டு தரம் வாசித்தார். "பத்தேமுக்கால் லட்சமா? எட்டு வருஷம் முன்ன இதே வண்டி ஆறேகால்தானே?"

"கரெக்ட் சார். அப்ப நீங்க ஒண்ணு எடுத்தீங்களா?"

"நான் எடுக்கல்ல. விலை தெரியும்."

ஸ்ரீஜித் பொறுமையாக விளக்கினான். ஆறு ஏர்பேக், புதிய புகைச் சட்டம், ஏறிப்போன ரோடு டாக்ஸ். நேசையன் தலையாட்டினார். அவருடைய பென்ஷனுக்கு மட்டும் யாரும் ஏர்பேக் வைக்கவில்லை. பாறசாலையில் மிச்சமிருந்த ரப்பர் தோட்டத்தை விற்ற பணம் இந்தக் காருக்கே சரியாகப் போய்விடும். அதற்கப்புறம் அவரும் மனைவி ஞானபாயும் எதை வைத்துப் பிழைப்பது என்று யோசிக்கக்கூடத் தெம்பில்லை.

"கீழ மாடல்னா எட்டுல முடியும் சார்."

"ஆகாது. எல்லாம் உள்ளதுதான் வேணும்னு பேச்சு."

"அப்ப அந்த எட்டைப் பணமாக் குடுத்திடலாம், அல்லே?"

"பணம் வேண்டாம், வண்டியாத்தான் தரணும்னு பாஸ்டர் முன்னால வச்சுக் கறாராச் சொன்னாரு."

"ஆரு சார், மாப்பிள்ளையோட அப்பாவா?"

"ஆமா. மாப்பிள்ளைக்க அப்பன்தான்."

ஸ்ரீஜித்துக்குப் பொறுக்கவில்லை. அவனுக்கும் கல்யாணமாகாத தங்கை இருக்கிறாள். "இந்தக் காலத்துலயும் இப்படி ஒரு ஆளா? நாணமில்லாத மனுஷன்."

நேசையன் நாற்காலியில் சாய்ந்தார். "உள்ளதுதான் மோனே" என்று அசதியோடு கண்ணை மூடிக்கொண்டார்.

படிவம் வந்தது. "ரெஜிஸ்ட்ரேஷன் மாப்பிள்ளை பேர்லயா சார்?"

"இல்ல. ஆர்ஷா பேர்ல. அவ பேர்ல மட்டும்."

"நல்லது சார். மோள் பேர்ல இருந்தா நாளைக்கு அவளுக்கு ஒரு பலம்."

நேசையன் கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடினார். "மகள் இல்ல. மருமகளா இருந்தவ. போன மாசம் கோர்ட்டுல பிரிஞ்சாச்சு. எட்டு வருஷம் முன்ன கல்யாணத்துக்கு அவ அப்பன் தந்த வண்டிய எனக்க மகன் வித்துத் தின்னுட்டான். இப்பம் அவங்க திருப்பிக் கேக்காங்க, அதுவும் வண்டியாத்தான் வேணுமாம்."

ஸ்ரீஜித் நிமிர்ந்து பார்த்தான். "அப்ப, அன்னைக்குப் பாஸ்டர் முன்னால கறாராச் சொன்னது..."

"நான்தான்."