அடைப்புக்குறிக்குள் போன கூட்டல்

கணினிக்குப் புதியவர்கள் பழகும் மொழி ஒன்றில் 2 + 3 * 4 - 1 என்று ஒரு வரி இருந்தது. வரிசையில் முதலில் நின்றது கூட்டல். ஆனால் கணக்குப் போட முதலில் உள்ளே போனதோ, நட்சத்திர வேஷத்தில் பின்னால் வந்த பெருக்கல்.

"அவர் வந்தா மட்டும் கதவு தானா திறக்குது பாரு! இந்த அநியாயத்தை ஒழிச்சே ஆகணும், தம்பி!" என்று கூட்டல் முழங்கியது. கடைசியில் நின்ற கழித்தல் அதை நம்பிக் கைதட்டியே களைத்துப்போனது.

மறுநாள் நிரல் எழுதுகிறவர் மனமிரங்கி, (2 + 3) என்று கூட்டலுக்கு மட்டும் அடைப்புக்குறி போட்டுக் கொடுத்தார். பெருக்கலே ஒதுங்கி வழிவிட்டது. கழித்தலுக்குத் தலைகால் புரியவில்லை.

"ஜெயிச்சுட்டோம் அண்ணே! நானும் உள்ளே வரட்டுமா?"

"அங்கேயே நில்லுப்பா," என்றது கூட்டல். "எல்லாரும் உள்ளே வந்துட்டா அப்புறம் அடைப்புக்குறிக்கு என்ன மரியாதை?"