இடதுபக்கச் சுவர்

"இந்தக் கேமராக்காரருக்கு யார் சார் வேலை கத்துக்கொடுத்தது? லைட்டை முதுகுக்குப் பின்னால நிறுத்திட்டுக் கல்யாணம் எடுத்திருக்கார். மணமக்களைவிட இவரோட நிழல்தான் பெரிசா நிக்குது."

ராவ்யா திரையைக் காட்டினாள். மாலை வகுப்பு முடிந்து மற்றவர்கள் போயிருந்தார்கள். கெய்ரோவில் ரமலான் மாத டிவி தொடர்களின் காட்சிகளைக் கம்ப்யூட்டரில் மெருகேற்றும் சின்ன ஸ்டுடியோ அது. மாலையானால் அதுவே பள்ளிக்கூடம்.

ஆசிரியர் சமீஹ் டீயை உறிஞ்சினார். "அவரைத் திட்டி என்ன ஆகப்போகுது? டேப் கொடுத்தவர் என்ன சொன்னார்?"

"ஷவ்கி அண்ணனா? 'எல்லாம் தெளிவா இருக்கணும், முக்கியமா இந்தச் சுவர்ப்பக்கம்'னு விரலை வச்சுக் காட்டிட்டுப் போனார்."

"அப்ப நிழலை எடு. ஒவ்வொரு படமா கையால அழிச்சா ரமலானே முடிஞ்சிடும். அதுக்குன்னு ஒரு கருவி பண்ணு. அவர் முகம் மலர்ந்தா, தொடர் வேலைக்கு அந்த ஜன்னலோர மேசை உனக்கு. சுளிச்சா, இன்னும் ஒரு வருஷம் வகுப்புதான்."

அந்த மேசைக்காகத்தான் ராவ்யா இரண்டு பஸ் மாறி வந்துகொண்டிருந்தாள்.

கேமரா திரும்பிய பக்கமெல்லாம் நிழலும் திரும்பியிருந்தது. அதனால் படத்தின் இடது ஓரத்தை விட்டு அது நகரவே இல்லை. நகராத ஒன்றைக் கண்டுபிடிப்பது சுலபம். அவள் ஆளுக்கொரு வேலை செய்யும் 'நோடு' என்ற பெட்டிகளைத் திரையில் அடுக்கி, கோடிழுத்து இணைத்தாள். ஒன்று கறுப்பைத் தேடியது. இன்னொன்று பக்கத்துப் படத்திலிருந்து சுவரின் நிறத்தைக் கடன் வாங்கியது. மற்றொன்று அதன்மேல் பழைய டேப்பின் புள்ளிகளைத் தூவியது. எல்லாவற்றையும் ஒரே கருவிக்குள் அடைத்து, வெளியே நடுவில் பூஜ்யம் வைத்த ஒரு ஸ்லைடரை மட்டும் விட்டாள். பூஜ்யத்தில் இருந்தால் படம் பழையபடி. வலப்பக்கம் தள்ளினால் சுவர் சுத்தம். கருவிக்குத் 'துடைப்பம்' என்று பெயர் வைத்தாள்.

இருந்தும் நம்பிக்கை வரவில்லை. ஒவ்வொரு கோட்டையும் பிடுங்கி மறுபடி மாட்டினாள். டேப் முழுவதையும் ஓட்டி எங்கேயாவது கறை தெரிகிறதா என்று தேடினாள்.

ஷவ்கி மறுவாரம் வந்தார். நகரின் ஷுப்ரா பகுதியில் மைக்ரோபஸ் ஓட்டுபவர். நாற்பதைத் தொட்டிருப்பார். கையில் பஸ்பூஸா இனிப்புப் பெட்டி. சமீஹும் டீ கிளாசோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"முதல்ல பழையபடி ஓட்டுறேன் அண்ணே. அப்புறம் என் வேலையைப் பாருங்க."

"ஓட்டுங்க இஞ்சினியரம்மா."

திரையில் தெருவை அடைத்து வண்ணத் துணிப் பந்தல். சரம் சரமாகப் பல்புகள். பெண்கள் குலவையிட, சிவப்பு சர்பத் தட்டு கூட்டத்துக்குள் நீந்திப் போனது.

"அதோ ஃபத்ஹி, இறைச்சிக்கடைக்காரர்." ஷவ்கி திரையை நோக்கிச் சாய்ந்தார். "தலையில நாற்காலியை நிறுத்தி ஆடுறார் பாருங்க. இப்ப சம்சாரம் வரும், மனுஷன் பொத்துனு இறக்கிடுவார்."

அப்படியே நடந்தது. மூவரும் சிரித்தார்கள்.

"மேலே பால்கனியிலிருந்து ஒரு கூடை தொங்குதே, அது எங்க வீடு. கூடையில சர்பத்தை வச்சு அம்மா மேலே இழுத்தாங்க. பாதி என் தலையிலதான் ஊத்துச்சு."

"இப்பவும் அதே வீடுதானா?"

"பூகம்பத்தில போச்சு. வீட்டோட எல்லாமே போச்சு. ஒரு போட்டோகூட மிஞ்சல."

"மணப்பெண் உங்களுக்கு என்ன உறவு, அண்ணே?"

"இஹ்சானா? எதிர்வீட்டுப் பொண்ணு. இப்ப பேரன் எடுத்துட்டாங்க. அவங்க மகன்கிட்ட கெஞ்சிக் கூத்தாடித்தான் டேப்பை வாங்கினேன்."

ராவ்யாவுக்குப் புரியவில்லை. எதிர்வீட்டுக் கல்யாணத்துக்கா இவ்வளவு அலைச்சல்?

"கேமராக்காரர்தான் சொதப்பிட்டார்," என்றாள்.

"அவருக்கு அது முதல் கல்யாணம், இஞ்சினியரம்மா. கை நடுங்குது பாருங்க."

"பரவாயில்ல, நான் சரிபண்ணிட்டேன்." ஸ்லைடரை வலப்பக்கம் தள்ளினாள்.

நிழல் கரைந்தது. சுவரின் நீலச் சுண்ணாம்பு, அது உரிந்த இடம், யாரோ கரியால் கிறுக்கியது எல்லாம் தெரிந்தன. சமீஹ் மெல்ல விசிலடித்தார். ராவ்யாவின் கண் தானாக ஜன்னலோர மேசைக்குப் போய் வந்தது.

ஷவ்கி எடுத்த இனிப்பை மறுபடி பெட்டியிலேயே வைத்தார்.

ராவ்யா அவர் பக்கம் திரும்பினாள். "ஏன் அண்ணே? எங்கயாவது கறை தெரியுதா? சுவர்ப்பக்கம்தானே சொன்னீங்க?"

"ஆமா." அவர் குரல் தணிந்திருந்தது. "அங்க நின்னவரைக் காணோமே."

சமீஹ் டீ கிளாசைக் கீழே வைத்தார். ராவ்யா ஸ்லைடரைப் பூஜ்யத்துக்கு இழுத்தாள். நிழல் திரும்பி வந்தது. ஒரு கணம் யோசித்துவிட்டு, பூஜ்யத்தையும் தாண்டி இடப்பக்கம் இழுத்தாள். துடைக்கச் செய்த கருவி இப்போது வரைய ஆரம்பித்தது. நிழல் மையாகக் கறுத்து, டேப்பில் இருந்ததைவிடத் தெளிவானது. தோளில் பெரிய கேமரா, சுருட்டை முடி, வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு காது.

ஷவ்கி எழுந்து திரைக்கு அருகே போனார். கை தன் காதைத் தொட்டுக்கொண்டது. அவர் முகம் அப்படி மலர்ந்து அவள் பார்த்ததில்லை.

"எங்க அப்பா," என்றார். "இதுக்கப்புறம் பூகம்பம் வரைக்கும் ஷுப்ரா முழுக்கக் கல்யாணம் எடுத்தார், கிடைச்ச டேப்பையெல்லாம் ஓட்டிப் பார்த்துட்டேன். ஆனா தொழிலை நல்லாக் கத்துக்கிட்டார் பாருங்க, வேற எதுலயும் அவர் நிழல் விழவே இல்ல."