மணக்காத பலகை

"மகளுக்கு மூச்சு முட்டுற வருத்தம், அண்ணை. பசை மணக்கிற பலகை அவளின்ர அறை அலுமாரிக்கு வேண்டாம், அது நஞ்சு."

கௌசலா கிளிநொச்சிப் பலகைக் கடையில், கூட வந்த தச்சரிடம் மூன்றாம் தரமும் சொன்னாள். பசையில் நஞ்சில்லையென்று பரிசோதித்த முத்திரையுள்ள பலகையைக் கடைக்காரர் காட்டினார். தச்சர் கனகலிங்கம் அதை ஒதுக்கிவிட்டு வேறொன்றை முகர்ந்தார்.

"இதில ஒரு மணமும் இல்லை. முத்திரையை விடுங்கோ, என்ர மூக்கு இருபது வருசமாய்ப் பலகையோட கிடக்குது."

அவர் தெரிந்த பலகையில் செய்த அலுமாரி சுவரில் ஏறிய அன்றும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. திடீரென்று கிணற்றடியிலிருந்து ஓடி வந்தாள். குசினியில் பால் அடிப்பிடித்து வீடெல்லாம் கருகல் நாற்றம்.

"என்னண்ணை, இப்பிடி மணக்குது, ஒரு சத்தம் போட்டிருக்கலாமே?"

கனகலிங்கம் கடைசித் திருகாணியை முறுக்கினார்.

"எனக்கெங்க தங்கச்சி மணம் தெரியுது? பலகைத் தூள் மூக்கைத் திண்டு எட்டு வருசமாச்சு."