நாலு விரற்கடைப் புழு

1961, மருத்துவப் படிப்பில் கடைசி வருஷம். திருவரங்குளம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் எனக்குப் பயிற்சி. வார்டு வேலைக்கு நடுவேதான் பரீட்சைக்கும் படிக்க வேண்டும்.

ஊருணித் தண்ணீர் குடித்த வெள்ளைச்சாமிக்குக் கணுக்காலில் நரம்புச் சிலந்திப் புழு. அறுந்துவிடாமல் தினமும் நாலு விரற்கடை அளவு தீக்குச்சியில் சுற்றி இழுக்க வேண்டும். மெஸ்ஸில் சேமியா போட்டால் எழுந்து போய்விடுவேன். அருவருப்பை மறக்க, சுற்றும்போதே தினம் ஒரு பாடம் ஒப்பித்தேன்.

மூன்றடிப் புழு பன்னிரண்டு நாளில் முடியும் என்றது புத்தகம். முப்பது நாளாகியும் வந்துகொண்டே இருந்தது.

“இன்னும் எத்தன பாடம் இருக்கு டாக்டரம்மா?”

“ஒம்பதுங்க.”

“அப்ப ஒம்பது நாளைக்கு வரும். வெரசாப் படிங்க, அறுப்பு கெடக்கு.”

ஒன்பதாம் நாள் புழு முழுதாக வெளியே வந்தது. புண் ஆறி ஊருக்குப் போனார்.

நான் பரீட்சை எழுதினேன். ரிசல்ட் தபாலில் வந்தது. கண் மருத்துவத்தில் மட்டும் ஃபெயில். யாரிடமும் நான் சொல்லவில்லை. அன்று காலையே வெள்ளைச்சாமி வார்டு வாசலில் நின்றார்.

“கால் ஆறிருச்சு டாக்டரம்மா. இங்கிட்டுப் பாருங்க” என்று முகத்திலிருந்து துண்டை எடுத்தார்.

வலது கண்ணின் ஓரத்தில் வெள்ளை நூல் போல ஒன்று மெதுவாக நெளிந்தது.